ஒன்று விட்டு ஒன்று

பரிசோதனைத் தாளில், நேரப் பத்தியின் முதல் வரியில் பூஜ்யம் போட்டான். அடுத்த வரியில் முப்பது என்று எழுத வேண்டும். அவன் பதினைந்து என்று எழுதினான். எழுதிவிட்டு, பரீட்சையில் பிட் எடுத்தவன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தான். இயற்பியல் பரிசோதனைக் கூடத்தில் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. எதிர் மேசைக்காரர்கள் ஸ்கேல் யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தைரியம் வந்து முப்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று கீழே இறங்கினான். அந்தத் தாள்களில் நேரம் வினாடியில் ஓடாது. பூஜ்யத்தில் தொடங்கி முந்நூற்று அறுபது வரை, ஒரு வட்டம் சுற்றி வருகிற மாதிரி ஓடும். முப்பது முப்பதாகத் தாண்டினால் பன்னிரண்டு தாண்டலில் கிராஃபில் புள்ளி புள்ளியாக நகர்கிற துகளின் கதை முடிந்துவிடும். பதினைந்து பதினைந்தாகப் போனால் இருபத்து நான்கு. இரண்டு வருடப் படிப்பில் அவன் சொந்தமாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தவர்கள் கல்லூரி சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைச் சுருக்கி ஒட்டடை ஆக்கிவிட்டார்கள். உயரம்தான் காரணம். பேருந்தில் குனிந்து நிற்பான், பல்பு மாட்ட ஸ்டூல் தேவையில்லை, குரூப் போட்டோவில் நெற்றியோடு அறுபட்டுப் போவான். அவன் வீட்டில் எல்லாமே மேலும் கீழுமான விவகாரம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். காலையில் கீழ்த்தளத்தில் தொடங்கி, நாள் முழுக்க ஏறி இறங்கி, மாலையில் கீழ்த்தளத்துக்கே வந்து சேர்வார். பக்கவாட்டில் அவர் அதிகமாக எங்கும் போனதில்லை. இருபத்தைந்து வருடமாக ஒரே வாடகை வீடு, ஒரே டீக்கடை, அதிலும் ஒரே பெஞ்சு.

கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த பேராசிரியருக்கு ஆரிஜின் என்று பெயர். கிராஃப் தாளில் இரண்டு அச்சுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி, எல்லாக் கணக்கும் தொடங்குகிற இடம். அவரிடமிருந்து எதுவும் தொடங்கியதாகத் தகவல் இல்லை. நாற்காலியை விட்டு நகரமாட்டார், அதனால் வந்த பெயர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. துகளின் இயக்கத்துக்கு இரண்டு சமன்பாடுகள் உண்டு. எந்த நேரத்தில் துகள் எவ்வளவு வலது, எவ்வளவு இடது என்பதை எக்ஸ் சொல்லும். அதே நேரத்தில் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை ஒய் சொல்லும். ஆரிஜின் சார் வினாத்தாளைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, எக்ஸ் இருக்கும் துண்டை ஒருவருக்கும், ஒய் இருக்கும் துண்டை இன்னொருவருக்கும் கொடுப்பார். ஒருவர் துண்டை மற்றவர் பார்க்கக்கூடாது. அவரவர் பங்கைக் கணக்குப் போட்டுப் பத்தியை நிரப்பிய பிறகு, ஒருவர் எக்ஸைச் சொல்ல, மற்றவர் ஒய்யைச் சொல்ல, நடுவில் இருக்கும் ஒரே கிராஃப் தாளில் புள்ளி விழும். முன்பு ஏதோ ஒரு வருடம், புத்திசாலி மாணவன் ஒருவன் இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றாக வைத்து, நேரத்தை முதல் வரியிலேயே நீக்கிவிட்டு, நேராகப் படத்தை வரைந்து நீட்டினானாம். "துகளைப் போகவே விடலையேப்பா நீ" என்று சார் வருத்தப்பட்டாராம். அன்றே கத்தரிக்கோல் வாங்கினார் என்று பேச்சு.

வரிசை எண்படி ஒட்டடைக்கு வாய்த்த ஜோடி, ரப்பர். தாள் நைந்து ஒளி தெரிகிற வரை அழித்து அழித்து வரைகிறவள் என்பதால் அந்தப் பெயர். அவள் எக்ஸ், அவன் ஒய். முதல் நாள் அவன் ஒரு புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தபோது, தன் புது ரப்பரை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மேசையில் அவன் பக்கம் தள்ளினாள். அந்தப் பாதி இன்றுவரை தேயவில்லை. அதை வைத்து எதையும் அழிக்க அவனுக்கு மனது வரவில்லை. தப்பானதை எல்லாம் அடித்து அடித்து எழுதினான், அடித்தல் திருத்தலுக்காக ஒவ்வொரு தாளிலும் சார் மதிப்பெண் குறைத்தார், அவனும் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர்கள் பேசியதெல்லாம் எண்கள். "எக்ஸ் ரெண்டு" என்பாள். "ஒய் மைனஸ் ஒண்ணு" என்பான். வாரத்துக்கு ஒரு மதியம், ஒரே பெஞ்சில், தலைகள் ஒரே தாளின் மேல் குனிந்திருக்க, இப்படி நூற்றுக்கணக்கான எண்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அவள் தசமத்தை எப்படி உச்சரிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். மைனஸ் வந்தால் குரல் கொஞ்சம் இறங்கும். பூஜ்யம் வந்தால் சிரிப்பு மாதிரி ஒன்று உதட்டில் வந்து நிற்கும். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா, மழை பிடிக்குமா, எதற்காக இயற்பியல் எடுத்தாள், எதுவும் தெரியாது. அவளுடைய கைபேசி எண் இருந்தது. வகுப்புக் குழுவிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தான். கடைசியில் அதுவும் இன்னொரு எண்தான்.

அவளுக்குப் பக்கவாட்டில் நகர்கிற குடும்பம். அப்பா வங்கி மேலாளர். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும், சாமான்கள் வேனில் ஏறும். இந்த முறை மூன்று வருடம் ஆவதற்கு முன்பே வந்துவிட்டது. அவளை இங்கே விடுதியில் சேர்க்க வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை, போகிற ஊரிலேயே கல்லூரி பார்த்துவிட்டார்கள். சாமான் நேற்றே போயாயிற்று. மிச்சம் ஒரு பரிசோதனைத் தாளும், அதில் ஆரிஜின் சார் கையெழுத்தும். அது கிடைத்தால்தான் அவள் சான்றிதழ்களைத் தருவார்கள். இந்தத் தகவல்களும் அவள் சொல்லி வந்தவை அல்ல. எதிர் மேசையில் ஸ்கேலுக்குச் சண்டை போடுகிறவர்களிடமிருந்து வந்தவை.

வீட்டில் விஷயம் அக்காவுக்கு மட்டும் தெரியும். அக்கா மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவள், மனிதர்கள் எதை எல்லாம் சொல்லத் தயங்குவார்கள் என்பதில் நிபுணி. காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, இஸ்திரி போடுகிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டதா என்று கேட்டு ஆரம்பித்தாள். பிறகு சீப்பை அவன் பக்கம் நீட்டியபடி சொன்னாள்:

"கூச்சப்பட்டுக்கிட்டு வர்றவன்கூட ரெண்டு நிமிஷத்துல எங்க அரிக்குதுன்னு சொல்லிடறான்டா. உனக்கு ரெண்டு வருஷம் பத்தல. இன்னைக்கு நம்பர் இல்லாம ஒரே ஒரு வரி. அதைப் பேசிட்டு வீட்டுக்கு வா."

"என்ன வரி?"

"அதையும் நானே எழுதித் தரணுமா? மருந்துச் சீட்டா இது?"

அப்பா வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, உள்ளே போய் சும்மா நின்றால் லிஃப்ட் எப்படி நகரும், பட்டனை அமுக்கினால்தானே நகரும் என்று அலுத்துக்கொண்டார். அக்காவும் தம்பியும் திரும்பிப் பார்த்தார்கள். தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கி, யாரோ வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

நம்பர் இல்லாமல் ஒரு வரி. பேருந்தில் நின்றபடி யோசித்துப் பார்த்ததில், அப்படி ஒரு வரியைத் தயார் செய்ய நேரம் வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. பன்னிரண்டு புள்ளிகள் என்றால் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்குத்தான் பதினைந்து. வழக்கமாக நேரப் பத்தியை அவள்தான் முதலில் எழுதுவாள். சீக்கிரம் வருகிறவள் அவள். அவளைப் பார்த்து அவன் அப்படியே எழுதிக்கொள்வான். இன்று அவள் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்துகளுக்காக அலைந்துகொண்டிருந்தாள். அவள் வந்தால் தன்னைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும் என்று தாளை மேசை நடுவில், அவள் பக்கம் நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தான்.

அவள் வந்தபோது மூச்சு வாங்கியது. கையில் ஒரு கோப்பு, அதன்மேல் அவள் தாள், நிரம்பிய தாள். முதல்வர் அறை வாசலில் காத்திருந்த நேரத்தில், சாரிடம் முன்பே வாங்கியிருந்த துண்டை வைத்து மொத்தப் பத்தியையும் முடித்துவிட்டாள். மேசை நடுவில் வரவேற்புப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த அவன் தாளை, கிராஃப் தாளுக்கு இடம் வேண்டும் என்று ஓரமாக ஒதுக்கினாள்.

"ஆரம்பிக்கலாமா? அப்பா கீழ வேன்ல வெயிட் பண்றாரு."

இதில் நம்பர் இல்லை என்பதை ஒட்டடை கவனித்தான். அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்றும் கவனித்தான். அவள் வேறு தாண்டலில் போயிருப்பாள் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. அவர்களுக்குள் நேரம் ஒன்றாகவே இருந்து பழகிவிட்டது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் இதுவரை தோன்றியதில்லை.

"எக்ஸ் நாலு."

"ஒய் ஜீரோ."

வலதுகோடியில் முதல் புள்ளி விழுந்தது. துகள் இடது பக்கம் நகர்ந்தபடி மேலே ஏறத் தொடங்கியது. எக்ஸ் மூணரை, ஒய் பாயிண்ட் எட்டு. எக்ஸ் ரெண்டு, ஒய் ஒண்ணரை. புள்ளி வைப்பது அவள் வேலை. பென்சிலை நேராக நிறுத்தி, ஒரு சுழற்று சுழற்றி எடுப்பாள். அவன் அந்தக் கையைப் பார்த்தபடி உள்ளுக்குள் வரிகளைத் தேடினான். போற ஊர் எப்படி? நம்பர் இல்லை, ஆனால் இது பேருந்தில் பக்கத்து சீட்காரர் கேட்பது. உன்னை மறக்கமாட்டேன். இது ஆட்டோவின் முதுகில் எழுதியிருப்பது. ஒவ்வொரு வரியும் தொண்டை வரை வந்து, அங்கே ஓர் எண் ஏற்கெனவே நின்றிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனது. அதற்குள் எக்ஸ் மைனஸுக்குப் போயிருந்தது, அவள் குரலும் இறங்கியிருந்தது. மைனஸ் நாலு என்றாள். ஒய் மூணு என்றான். தாளின் இடது மேல் மூலையில், இதற்கு மேல் போக இடமில்லை என்கிற மாதிரி ஒரு புள்ளி விழுந்தது.

"எக்ஸ் மைனஸ் மூணரை."

"ஒய் ரெண்டு பாயிண்ட் ஒம்போது."

பென்சில் இறங்கப் போய் அந்தரத்தில் நின்றது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தது. அவள் அதன் மேலேயே இன்னொன்றை வைத்தாள். அடுத்ததும் அப்படியே, பழைய புள்ளியின் மேல். அதற்கு அடுத்ததும். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் புள்ளிகளுக்கு நடுவில் அவள் நிமிர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வந்த வழியாவே திரும்பி வருது பாரேன்," என்றாள்.

போன துகள் அதே வழியில், அதே தடத்தில், ஒவ்வொரு அடியையும் தேடிப்பிடித்து மிதித்துக்கொண்டு திரும்பி வந்தது. இப்படி ஒரு துகளை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. போனவை சுற்றிக்கொண்டு வந்திருக்கின்றன, சுருளாகச் சுற்றி மையத்தில் விழுந்திருக்கின்றன, பல துகள்கள் தாளின் ஓரம் வரை போய் அப்படியே போயே போயிருக்கின்றன. இது வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தது மாதிரி பாதியில் நின்று திரும்பியது. அவள் குரலில் அவசரம் குறைந்திருந்தது. ஒட்டடைக்கும் உள்ளே ஏதோ இளகியது. வரி அகப்பட்டுவிடும் போலிருந்தது. கடைசியில் எக்ஸ் நாலு, ஒய் ஜீரோ, தொடங்கிய இடத்துப் புள்ளியின் மேலேயே கடைசிப் புள்ளி. அவள் தன் தாளைக் கவிழ்த்தாள்.

"எனக்கு முடிஞ்சிருச்சு."

ஒட்டடையின் விரல் அவன் தாளின் நடுவில் நின்றது. அதற்குக் கீழே இன்னும் பாதிப் பத்தி இருந்தது.

"உனக்கு?"

"இன்னும் இருக்கு."

"எவ்வளவு?"

"பாதி."

இந்த நேரம் பார்த்து ஆரிஜின் சார் எழுந்தார். எதிர் மேசையில் ஸ்கேல் சண்டை நின்றது. நாற்காலி தனியாக இருப்பதை வகுப்பு முதல் முறையாகப் பார்த்தது. போகிற பிள்ளைக்கு மேசைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கிராஃப் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இப்படி ஒரு துகள் கிடையாதேப்பா," என்றார். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நேரப் பத்தியில் விரலை ஓட்டினார். "எக்ஸ் முப்பதுல இருக்கறப்ப ஒய் பதினஞ்சுல நிக்குது. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரு இடத்துலயும் இல்ல. அப்புறம் எங்கேந்து துகள் வரும்?"

அவர் குரலில் கோபம் இல்லை, துகளுக்காகக் கொஞ்சம் வருத்தம் மட்டும் இருந்தது. மறுபடி போட்டு எடுத்து வரச் சொல்லிவிட்டு, நடந்த களைப்பில் அங்கேயே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. பொறுமையான, வங்கி மேலாளருக்குரிய ஹாரன். அவள் தலையைத் திருப்பவில்லை. அவன் நேரப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் முப்பதுதானே? ஏன் பதினஞ்சு?"

கேள்வி அவன் எதிரில் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அக்கா இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்துத் தள்ளியிருப்பாள். ஒட்டடை வாயைத் திறந்தான்.

"இருபத்தி நாலு புள்ளி வரும்," என்றான்.

"பன்னெண்டே போதுமே."

"போதும்தான்."

அவள் நைந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள். பிறகு பென்சில் பெட்டியிலிருந்து தன் ரப்பரை எடுத்தாள். அது தேய்ந்து பட்டாணி அளவுக்கு வந்திருந்தது. தப்பாக வந்த வளைவின் மேல் குனிந்தாள். அவள் அழிப்பதைப் பார்ப்பது ஒட்டடைக்குப் பழக்கம்தான். ஆனாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தேய்க்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. திரும்பியபோது ரப்பர் மேசை மேல் இருந்தது, பென்சில் அவள் கையில் இருந்தது, வளைவு வளைவாகவே இருந்தது.

"முதல்லேந்து சொல்றேன். நீ ஒண்ணு விட்டு ஒண்ணு சொல்லு."

அதே தாளில், அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். எக்ஸ் நாலு, ஒய் ஜீரோ. எக்ஸ் மூணரை என்றாள். அவன் பதினைந்தைத் தாண்டி முப்பதுக்குப் போய், ஒய் ஒண்ணரை என்றான். இப்போது துகள் ஒழுங்காக நடந்தது. மேலே ஏறி, தாளின் உச்சியைத் தொட்டு, இடதுகோடியில் இறங்கி, அச்சுக்குக் கீழே போய், அகலமான முட்டை வடிவத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. பார்க்கக் குறையில்லாத பாதை. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பது. ஒட்டடை ஒன்றைச் சொல்லி ஒன்றை விழுங்கினான். விழுங்கியவை எல்லாம் அவன் தாளிலேயே தங்கின, ஒய் மட்டும் இருந்து எக்ஸ் இல்லாதவை. அந்த எக்ஸையும் அவனே கணக்குப் போட்டுவிட முடியும், இரண்டு நிமிட வேலை. ஆனால் அவள் குரலில் கேட்காத எக்ஸை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

முட்டையைப் பார்த்துவிட்டு சார் பேனாவை எடுத்தார். அதற்குக் குறுக்காகக் கிடந்த பழைய வளைவைக் காட்டி, "இதை அழிக்கலையாம்மா?" என்றார்.

"இருக்கட்டும் சார்."

ரப்பர் என்று பெயர் எடுத்தவள் சொன்னதைக் கேட்டு எதிர் மேசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் கையெழுத்தைப் போட்டார். அவள் தாளைக் கோப்பில் வைத்தாள், துப்பட்டாவைச் சரிசெய்தாள், பையை மாட்டினாள். ஹாரன் மறுபடி அடித்தது, இந்த முறை கொஞ்சம் நீளமாக.

"வரேன் ஒட்டடை," என்றாள்.

அந்தப் பெயரால் அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை. எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. வரேன் என்பது கிளம்புகிற எல்லோரும் சொல்வதுதான். மாற்றல் குடும்பத்தில் அதை ஒவ்வொரு ஊரிலும் வாசல் வாசலாகச் சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறுவார்கள். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிதாக எடுத்துக்கொண்டான். தலையை மட்டும் ஆட்டினான். தலையாட்டலிலும் நம்பர் கிடையாது, ஆனால் அக்கா அதை வரியாக ஒப்புக்கொள்ளமாட்டாள்.

அவள் போன பிறகு மேசையில் பட்டாணி அளவு ரப்பர் இருந்தது.

ஒட்டடை அதைப் பார்த்தான். தன் பெட்டியைத் திறந்து, இரண்டு வருடமாகத் தேயாத பாதியை எடுத்தான். ஒரே ரப்பரின் இரண்டு துண்டுகள் என்று சத்தியம் செய்தாலும் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். பெரியதைக் கொடுத்துவிட்டுச் சிறியதை வைத்துக்கொள்ளலாம், இல்லை, சிறியதையே கொடுக்கலாம். எதுவானாலும் அதனுடன் சொல்ல ஒரு வரி கிடைத்துவிட்டது. 'இதை விட்டுட்டுப் போயிட்ட.' தேடித் தேடிப் பார்த்தான், உள்ளே எங்கும் எண் இல்லை. அவன் படி பக்கம் பாய்ந்தபோது ஸ்டூலிலிருந்து சாரின் குரல் வந்தது.

"படியில ஓடாதப்பா. மூச்சு வாங்கினா பேச வராது."

அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பற்றி அப்பா நல்ல வார்த்தை சொன்னதே கிடையாது. வேறு கம்பெனிக்காரன் போட்டது, ஏறுகிறவன் வயதாகித்தான் இறங்குவான் என்பார். ஒட்டடை உள்ளே போனான். சும்மா நிற்காமல் பட்டனை அமுக்கினான். கதவு மூடியது. மூன்றாவது மாடியிலிருந்து அவன் குடும்ப வழக்கப்படி நேர்கீழாக இறங்கத் தொடங்கினான். கீழே எங்கேயோ ஒரு வேன், அதன் குடும்ப வழக்கப்படி, பக்கவாட்டில் நகரத் தயாராக நின்றது, அல்லது நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பாதைகளும் வாசலில் வெட்டிக்கொள்ளும், அதில் சந்தேகமில்லை. அது மட்டும் போதாது என்பதைத்தான் சற்று முன்பு சார் எழுந்து வந்து சொன்னார்.

இரண்டாவது மாடியில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்து, யாரும் இல்லை என்று நிதானமாக உறுதி செய்துகொண்டு மூடியது. முதல் மாடியில் நின்றது. அங்கேயும் யாரும் இல்லை. ஒட்டடை உள்ளங்கையைத் திறந்து பார்த்தான். இரண்டு துண்டுகளும் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன. இதை விட்டுட்டுப் போயிட்ட, என்று ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்தது. அதற்கு அடுத்த வரியும் வரும் போலிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டது, முன்பைவிடப் பக்கத்திலா தூரத்திலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கீழ்த்தளம். ஒரு குலுக்கலோடு நின்று, கதவு நடுவில் மெதுவாகப் பிளந்தது. முதலில் ஒரு நூல் அளவு வெளிச்சம், பிறகு ஒரு விரல் அளவு. அந்த விரல் அளவுக்குள் கல்லூரி வாசலின் ஒரு கீற்றும், அதை நிறைத்துக்கொண்டு ஒரு வெள்ளையும் தெரிந்தன. வேன்தான். நிற்கிறதா, நகர்கிறதா என்று ஒரு கீற்றை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஒட்டடை அந்த வெள்ளையில் ஏதாவது ஒரு கீறலோ, ஓர் எழுத்தோ, கண் வைத்துப் பார்க்க ஒரு புள்ளியோ அகப்படுமா என்று தேடினான். கதவு இன்னும் திறந்துகொண்டிருந்தது.